பத்தொன்பதும் பத்தொன்பதும்

தலைநகர்
பிப்ரவரி 6

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

வாயாடித் தங்கை எழுதுவது. இங்கே நான் சுகம். சளி பிடித்து விட்டது, விட்ட பிறகும் போக மனமில்லாமல் வாசலில் நிற்கிறது. அங்கே நீங்கள், அண்ணி, பிள்ளைகள், சின்னண்ணா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? சின்னண்ணாவின் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் உங்களிடமிருந்து "ம்" வரும், அவரிடமிருந்து ஜோக் வரும். அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன். எழுதும்போதாவது நாலு வார்த்தை சேர்த்து எழுதுகிறீர்கள்.

ஒரு செய்தி. தொழில் துறையில் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சிறு பட்டறைகளுக்கான விதிகளைத் திருத்த ஒரு குழு, அதற்கு வரைவு எழுதுகிற வேலை எனக்கு. முதல் கூட்டத்திலேயே தலைவர் ஒரு படம் காட்டினார். நாட்டில் உள்ள பட்டறைகளை ஆள் எண்ணிக்கைப்படி அடுக்கிய படம். ஐந்து பேர் வைத்திருப்பவர்கள் இத்தனை, பத்துப் பேர் வைத்திருப்பவர்கள் இத்தனை என்று கோடுகள் சீராகக் குட்டையாகிக்கொண்டே வந்து, பத்தொன்பதில் மட்டும் ஒரு கோடு நெட்டையாக நிற்கிறது. இருபதில் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. "ஏன் எல்லாரும் பத்தொன்பதுலயே நின்னுட்டாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், எங்க வீட்டுல ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யற பட்டறை. அப்பா காலத்துல பத்தொன்பது பேர். அப்பா போனப்புறம் வேலை கூடிச்சு. இருபதாவது ஆள் உள்ள வந்தா அது தொழிற்சாலை, ஒரு ஆபீசுக்குப் பதிலா பன்னெண்டு ஆபீஸ் வரும். அதனால அண்ணனுங்க நடுவுல சுவர் கட்டி ரெண்டு பட்டறையாக்கிட்டாங்க. இந்தப் பக்கம் பெரியவர் குழாய் வளைச்சு வெல்டிங் பண்ணுவார், அந்தப் பக்கம் சின்னவர் பெயிண்ட் அடிச்சுச் சக்கரம் மாட்டுவார். கதவு வச்சா ஒரே பட்டறைன்னு சொல்லிடுவாங்கன்னு கட்டிலைத் தள்ளிவிட சுவர்ல ஒரு பொந்து மட்டும். நான் இந்தக் குழுவுல இருக்கலாமா?" அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு பேர் பேருலயும் தனித்தனியா இருக்கிற வரைக்கும் தப்பில்ல. குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, இருங்க" என்றார். சொல்லிவிட்டேன். நாடகத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

நாடகம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆள் எண்ணுகிற ஆய்வாளர் இந்த வருஷம் வந்தாரா? நீங்கள் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் பொய்ச் சண்டையை ஆரம்பித்தீர்களா? இரண்டு பட்டறையும் ஜென்மப் பகை என்று அவர் நம்ப வேண்டுமே! கடைசியில் சின்னண்ணா பொந்தில் தலையை விட்டு, "போய்யா, உன் கட்டில்ல படுத்தா நோயாளி தானா எந்திரிச்சு ஓடிடுவான்!" என்று கத்துவாரே, அதை நினைத்தால் இங்கே பஸ்ஸிலும் சிரிப்பு வருகிறது. விவரமாக எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.
உங்கள் வாயாடி

~

பட்டறை
பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். சளியை அலட்சியம் செய்யாதே. உன் அண்ணி நலம், முழங்கால் வலி மட்டும். பிள்ளைகள் நலம். சின்னவனும் நலம். இருமல் காலையில் கொஞ்சம் அதிகம், மதியத்துக்குமேல் குறைகிறது. முன்போல விசில் அடிப்பது இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் வழக்கம்போல எட்டரைக்கெல்லாம் கேட்டுவிடுகிறது. புது செருப்பு வாங்கியிருக்கிறான், சரட் சரட் என்கிறது.

ஆய்வாளர் ஜனவரியில் வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

போன வாரம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வெல்டிங் தெரியும் என்றாள். சும்மா இரண்டு குழாயைச் சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னேன். குழாயும் குழாயும் கூடப் பிறந்தது மாதிரி ஒட்டிக்கொண்டது, தேய்க்கவே வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கம் பத்தொன்பது நிறைந்துவிட்டது, அந்தப் பக்கமும் பத்தொன்பது. என்ன சொல்லி அனுப்புவது? "இடம் காலியானா சொல்லி அனுப்பறேம்மா" என்றேன். யாராவது செத்தால்தான் இடம் காலியாகும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மற்றபடி இங்கு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்

~

தலைநகர்
மார்ச் 19

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

சளி போய்விட்டது, நான் தேவலை. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை அதையும் அவர்களே கொடுத்துக்கொள்கிறார்களா?

"நல்லபடியாக முடிந்தது." அவ்வளவுதானா? முன்பெல்லாம் நாடகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவீர்கள். சரி, வேலை அதிகம் போலிருக்கிறது.

அந்த வெல்டிங் அம்மாவைப் பற்றி எழுதியதைப் பெயர் இல்லாமல் குழுவில் படித்தேன். பிறகு தலைவர் துறைமுகக் கணக்கை எடுத்தார். நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கும் கட்டில்களில் பாதிக்குமேல் கப்பலில் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி டெண்டர் என்றால் ஒரே நிறுவனம் மாதம் இருநூறு கட்டில் கொடுக்க வேண்டும். பத்தொன்பது பேர் பட்டறை எங்கே போவது? ஊரெல்லாம் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், இரும்பு இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள். இடையில் ஒரு விதி உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் குட்டையாகவே வைத்திருக்கிறது. நான் படித்த பாடப் புத்தகத்தில் மூலதனம், முதலீடு என்றெல்லாம் போட்டிருந்தது. நம் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, குழாய் வளைக்கும் யந்திரம் வாங்க வேண்டும் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாரே, நீங்கள் இருவரும் சேர்ந்து ஏன் வாங்கக்கூடாது? இரண்டு, அந்தப் பன்னிரண்டு ஆபீஸ்களும் எவை, எதற்கு வருவார்கள்? சின்னண்ணாவையும் கேட்டு எழுதுங்கள். அவருக்கு ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டத் தெரியும்.

அன்புடன்,
வாயாடி

~

பட்டறை
ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஒத்தடம் நான்தான் கொடுக்கிறேன். உன் அண்ணியிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்.

யந்திரம் பற்றிக் கேட்டாய். இன்றைக்கும் குழாய்க்குள் மணலை இடித்து நிரப்பி, சூடு காட்டி, கையால்தான் வளைக்கிறோம். யந்திரம் வாங்கினால் என் பக்கத்து வேலை அதற்கு ஒரு வாரம்கூடக் காணாது. மிச்ச நாள் சும்மா நிற்கும். செலவைப் பங்குபோட்டு இரண்டு பட்டறையும் சேர்ந்து வாங்கினால், பொது யந்திரம் இருக்கிறது, அதனால் ஒரே தொழிற்சாலை என்று ஆய்வாளர் எழுதிவிடுவார். ஆக மணலை இடித்துக்கொண்டிருக்கிறோம்.

பன்னிரண்டு ஆபீசையும் எழுத உட்கார்ந்தால் இந்தக் காகிதம் பத்தாது. மின்சாரத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், பெயர்ப்பலகை நீளத்துக்கு ஒருவர். பலகையின் நீளத்துக்கு வருபவருக்கு அதன் உயரம் பற்றித் தெரியாது, அதற்கு வேறொருவர். நான் கோபத்தில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் நல்ல காரியத்துக்கு வருபவர். அரைக்கிற சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா, காற்று வருகிறதா என்று பார்ப்பவர். இருபது பேருக்குக் கீழே என்றால் அவரும் எட்டிப் பார்க்க மாட்டார். அவர் வந்திருந்தால் எங்களைக் காய்ச்சி எடுத்திருப்பார். முன்பு வடக்கு ஜன்னலில் நுழைகிற காற்று பட்டறையைத் தாண்டித் தெற்கே போகும். சுவர் கட்டினதிலிருந்து பெயிண்ட் புகை அந்தப் பக்கமே நிற்கிறது. சின்னவனின் இருமல் இப்போது மதியத்திலும் கேட்கிறது. நேற்று தொடர்ந்து இருமினான். வெல்டிங்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீர் குடித்த சத்தம் கேட்டது.

போன வாரம் டயர் வியாபாரி ஒருவர் வந்து அந்தப் பக்கத்தை நீளம் அகலம் அளந்து பார்த்துவிட்டுப் போனார். கிடங்குக்கு இடம் தேடுகிறாராம். சும்மா எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்

~

தலைநகர்
மே 11

அன்புள்ள பெரியண்ணா,

நான் நலம். இந்த முறை மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

உங்கள் பழைய கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதங்களில் சின்னண்ணா பேசுகிறார். "அவன் இப்படிச் சொன்னான், நான் திட்டினேன், அதற்கு அவன் இப்படிச் சொன்னான்" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. போன வருஷ ஆரம்பத்திலிருந்து அவர் பேசவே இல்லை. இருமுகிறார். ஸ்டூலை இழுக்கிறார். செருப்பு சத்தம் கேட்கிறது. தண்ணீர் குடிக்கிறார். எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து காதில் விழுகிற விஷயம். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

போனில் அவரைக் கேட்டேன். "எல்லாம் அமோகமா போகுதும்மா" என்று சொல்லிவிட்டு ஒரு ஜோக் சொன்னார். ஜோக் நன்றாக இல்லை.

என்ன நடந்தது? டயர் வியாபாரி யாருடைய இடத்தை அளந்தார்?

பதில் எழுதுங்கள், அண்ணா.
தங்கை

~

வீடு
ஜூலை 2

அன்பான என் நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல். உன் கடிதம் வந்து எத்தனை நாளோ ஆகிறது. உன் அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். துவைக்கப் போட்டபோது நான்தான் எடுத்து வைத்தேன். அவர் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நானும் சின்னவர் வீட்டுக்காரியும் நன்றாகத்தான் இருக்கிறோம். அவள் பிள்ளைகள் பாதி நாள் இங்கேதான் தூங்குகின்றன. சுவர் பட்டறையில்தான், எங்கள் சமையலறைகளில் இல்லை.

போன வருஷம் ஜனவரியில் புது ஆய்வாளர் வந்தார். முன்னவர் மாதிரி இல்லை, ரொம்பச் சந்தேகப் பிராணி. பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். உன் அண்ணன் வழக்கம்போல இரண்டு தட்டு தட்டிச் சண்டையை ஆரம்பித்திருக்கிறார். அந்த ஆளோ, "நல்லா நடிக்கிறீங்க" என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினாராம். இவருக்குப் பயம் வந்துவிட்டது. நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டார். "உன்னை நம்பி எவன்டா வேலை குடுப்பான்? சைக்கிள் கடை வச்சு ஒரே வருஷத்துல ஊத்தி மூடினவன்தானே நீ? அப்பா உனக்குப் பங்கு குடுத்ததே பாவம் பாத்துதான்!"

அடுத்து சின்னவர் சொல்ல வேண்டியது அந்த நோயாளி வசனம். அவர் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஆய்வாளர் முழுசாக நம்பிவிட்டார், "இது ரெண்டு பட்டறைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்த வருஷம் வந்தபோது நாடகமே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாமல் நின்றதைப் பார்த்துவிட்டே போய்விட்டார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. கட்டில் மட்டும் பொந்து வழியாகப் போகிறது. இவர் தினமும் அங்கேயே ஸ்டூல் போட்டு வேலை செய்கிறார், இருமல் கேட்கிற தூரத்தில். "போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றால், "என்னன்னு சொல்றது?" என்கிறார். எனக்கு ஆத்திரமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது.

டயர்காரர் கேட்டது சின்னவர் இடத்தைத்தான். டிசம்பரில் சாவி கொடுப்பதாகப் பேச்சு. பிறகு குடும்பத்தோடு துறைமுகத்துக்குப் போகிறார்களாம், கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற இடத்தில் மேற்பார்வை வேலை. நீ ஏதாவது செய்.

அன்பு அண்ணி

~

தலைநகர்
ஜூலை 16

அன்புள்ள சின்னண்ணா,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. டாக்டரிடம் போனீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சுத்தியலை எடுத்து எறிந்திருப்பேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு போனீர்கள்.

இங்கே விதியை மாற்றுகிற வேலை நடக்கிறது. மாறினால் இருபதாவது ஆள் வந்தாலும் ஒன்றும் ஆகாது, சுவரும் தேவையில்லை. ஆனால் அரசாங்கக் காகிதம் ஆமை வேகம். டிசம்பருக்குள் வருமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, யாரையும் அவசரப்படுத்தவும் மாட்டேன். அது என் வீட்டு வேலை இல்லை. எல்லாப் பத்தொன்பதுக்காரர்களுக்கும் பொதுவானது.

சாவியை டிசம்பர் கடைசிவரை கொடுக்காமல் இருப்பீர்களா? கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை

~

பட்டறை (அந்தப் பக்கம்)
ஆகஸ்ட் 3

அன்புள்ள வாயாடிக்கு,

சின்னண்ணன் எழுதுவது. உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷமோ. எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். டாக்டரிடம் போனேன். "பெயிண்ட் புகைல நிக்காதீங்க" என்றார். மீனிடம் தண்ணீரில் நிற்காதே என்று சொல்கிறார்.

டிசம்பர் கடைசிவரை சாவி என்னிடம் இருக்கும். உனக்காக. ஆனால் விதி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. சண்டை என்று நடிக்கச் சொன்னது விதி. பாவம் பார்த்துப் பங்கு கொடுத்தார் என்று விதி சொல்லச் சொல்லவில்லை. அது அவர் மனதில் எங்கேயோ இருந்திருக்கிறது, அவசரத்துக்குக் கை விட்டுத் துழாவியபோது அகப்பட்டது. கடை மூடினது வாஸ்தவம்தானே. அதனால்தான் பதில் வரவில்லை எனக்கு. பொய்யாக இருந்திருந்தால் அவரைவிட நன்றாகவே கத்தியிருப்பேன்.

அவர் மேல் கோபம் எல்லாம் தீர்ந்துபோயிற்று. தினமும் காலையில் அவர் மணல் இடிக்கிற சத்தம் கேட்கிறது. தோள் வலி வந்திருக்கும், முன்னைப்போல இல்லை, நிறுத்தி நிறுத்தி இடிக்கிறார். அண்ணியிடம் சொல்லித் தைலம் தேய்க்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

சின்னண்ணன்

~

தலைநகர்
நவம்பர் 20

அன்புள்ள பெரியண்ணா,

நான் நலம். உங்கள் தோள் எப்படி இருக்கிறது? ஆமாம், எனக்குத் தெரியும். யாரோ ஒருவர் மணல் இடிக்கிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார்.

விதி வந்துவிட்டது. நேற்று மாலை கையெழுத்தானது. இனி ஐம்பது பேர் வரை ஒரே அலுவலகம், ஒரே அனுமதி. பிரிந்த பட்டறைகள் விரும்பினால் சேரலாம், ஏன் பிரிந்தாய் என்ற பழைய கேள்வி கிடையாது. ஆய்வாளர் நேரில் வந்து, இருவரும் சொந்த விருப்பத்தோடுதான் சேர்கிறார்களா என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டால் போதும். குழுவில் சிலர் எல்லாப் பரிசோதனையையும் எடுத்துவிடலாம் என்றார்கள். நான் ஒன்றை மட்டும் விடவில்லை. பெயிண்ட் அடிக்கும் இடம் எவ்வளவு சிறியதானாலும், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், காற்று ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போக வழி இருந்தாக வேண்டும். அதற்காக மூன்று கூட்டம் வாதாடினேன். தலைவர், "இதுல ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்றார். "எனக்கு இருமல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு சார்" என்றேன்.

தலைவர் இன்னும் சில வருஷத்தில் அந்த நெட்டைக் கோடு கரைந்து, இருபதிலும் முப்பதிலும் கோடுகள் முளைக்கும் என்கிறார். எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் சுவரை இடிக்கலாம் என்று எழுதத்தான் என்னால் முடிந்தது. சின்னண்ணா இன்னும் சாவியைக் கொடுக்கவில்லை. அவரிடம் நீங்கள் பேச வேண்டும், அண்ணா.

உங்கள் வாயாடி

~

பட்டறை
டிசம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

நலம். தோள் பரவாயில்லை. யார் சொன்னது என்று நீ எழுதாவிட்டாலும் தெரிந்துகொண்டேன். அதைப் படித்த அன்று வேலை ஓடவில்லை.

சேர்வதற்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். சின்னவன் கையெழுத்து இன்னும் போடவில்லை. ஆய்வாளர் பத்தொன்பதாம் தேதி வருகிறார். அன்று மதியம் முடிவு கேட்க டயர்காரரும் வருகிறார்.

மூன்று தடவை வாசல் சுற்றி அந்தப் பக்கம் போனேன். மூன்று தடவையும் டீ குடிக்கப் போவது போல நேராகத் தெருவில் போய்விட்டேன். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பு. வரைவு எழுதுவதுதானே உன் வேலை. நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

அண்ணன்

~

தலைநகர்
டிசம்பர் 10

அன்புள்ள அண்ணா,

இந்த வரைவை நான் எழுத மாட்டேன். என் வார்த்தை என்று அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "ம்" என்றாவது சொல்லுங்கள், ஆனால் நீங்களே சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

~

பட்டறை
டிசம்பர் 21

அன்புள்ள வாயாடிக்கு,

சின்னண்ணன் எழுதுவது. என் இருமலைப் பற்றி இந்த முறை நானே எழுதுகிறேன், வேறு யாரும் ஒட்டுக் கேட்டு எழுத வேண்டாம். நேற்றிலிருந்து குறைவு. காரணம் பிறகு.

ஆய்வாளர் அதே ஆள்தான். என் பக்கம் வந்து நின்றுகொண்டு, "போன வருஷம் வெட்டு குத்துன்னு நின்னீங்க. இப்போ சேரப் போறோம்னு ஒருத்தர் மட்டும் எழுதிக் குடுத்திருக்கார். உங்களை யாராவது மிரட்டுறாங்களா?" என்றார். நான், "இல்ல சார். ஆனா நான் இன்னும் முடிவு பண்ணல" என்றேன். பொய் எதற்கு? சாவி சட்டைப் பையில் இருந்தது. டயர்காரர் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது பொந்துக்கு அந்தப் பக்கம் சுத்தியல் இரண்டு தட்டு தட்டிற்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோவ் பெயிண்ட்டு! பத்து கட்டில் அனுப்பினேன், எட்டுதான் வந்திருக்கு!" அண்ணன் குரல்தான், நடுங்கிக்கொண்டு. நாடகத்தின் முதல் வரி. என் வாய் என்னைக் கேட்காமலே, "நீ அனுப்பினதே எட்டு! எண்ணத் தெரியாதவனெல்லாம் முதலாளி!" என்றது. ஆய்வாளர் தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். ஆனால் எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியாகப் போயிற்று. சக்கரம் கோணல், வெல்டிங் ஓட்டை, எல்லாம். பிறகு அந்த இடம் வந்தது. அண்ணன் நிறுத்திவிட்டார்.

பொந்தில் அவர் முகம் தெரிந்தது. இத்தனை நாளில் எவ்வளவு நரைத்துவிட்டார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"சார், இது நாடகம். வருஷா வருஷம் உங்களுக்காகப் போட்டது" என்றார் ஆய்வாளரிடம். "போன வருஷம் இந்த இடத்துல நான் ஒண்ணு சொன்னேன். அது நாடகத்துல இல்ல. பயத்துல சொன்னேன். பொய் சார் அது." அப்புறம் என்னைப் பார்த்தார். உனக்குத் தெரியுமே, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் அவர். "அப்பா பாவம் பாத்துதான் பங்கு பிரிச்சாரு. உன்னைப் பாத்து இல்லடா. என்னைப் பாத்து. கடைசி நாள் ஆஸ்பத்திரில என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'அவனைக் கூடவே வச்சுக்கோ. நீ தனியா இருந்தா வாயே திறக்க மாட்ட, வந்த ஆளுங்ககூட திரும்பிப் போயிடுவாங்க'ன்னாரு. அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது. அதைத்தான் திருப்பிப் போட்டுச் சொல்லிட்டேன். நீ போயிடாதடா. எனக்கு இந்தப் பக்கம் ரொம்ப அமைதியா இருக்கு."

இரண்டு பக்கமும் முப்பத்தெட்டுப் பேரும் என் பதிலுக்குக் காத்து நிற்கிறார்கள். அடுத்த வரி என்னுடையதுதான், இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே இருந்தது. பொந்தில் தலையை விட்டேன். "போய்யா!" என்றேன். குரல் உடைந்துபோயிற்று, மறுபடி ஆரம்பித்தேன். "போய்யா, உன் கட்டில்ல படுத்தா நோயாளி தானா எந்திரிச்சு ஓடிடுவான்!"

சிரிப்புச் சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதை எப்படி நான் எழுதறது?" என்றார். "சொந்த விருப்பம்னு எழுதுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டேன். டயர்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். நல்ல மனுஷன், தானும் ஒரு தட்டு தட்டுகிறேன் என்று சுவரில் சம்மட்டி போட்டுவிட்டுப் போனார்.

நேற்று முழுசாக இடித்துவிட்டோம். வடக்கு ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்து என் மேசையில் இருந்த காகிதமெல்லாம் அவர் காலடியில் போய் விழுந்தது. இருமல் குறைந்ததற்குக் காரணம் அதுதான். அந்த வெல்டிங் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், திங்கட்கிழமை வருகிறார். வாங்கப்போகும் யந்திரத்தை எங்கே வைப்பது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் காலையிலிருந்து சண்டை, இது நிஜச் சண்டை. நீ வந்துதான் தீர்த்து வைக்க வேண்டும்.

இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சின்னண்ணன்

அன்புத் தங்கைக்கு, இவன் விசில் சத்தம் காதைத் துளைக்கிறது. நாங்கள் நலம்.
பெரியண்ணன்